பதினோரு செல்லாண்டிகளும் ஒரு முகவரியும்

இந்தப் பையை மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். மூன்று கிலோ இருக்கும், பரவாயில்லை, பழகிவிட்டது. உள்ளே துணிமணி கிடையாது. எல்லாம் காகிதம்.

நீங்கள் சேலம் பஸ் ஸ்டாண்டில் போனில் பேசியது காதில் விழுந்தது. தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் சத்தமாகத்தான் பேசினீர்கள். தியாகதுருகம் பக்கம் தோட்டம், கிணறு வற்றிவிட்டது, போர் போட வேண்டும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்கும் ரிக் வண்டி இருக்கிறது. இருந்தாலும் சொல்லமாட்டேன். பொறுப்பில் இருக்கிறவன் பஸ்ஸில் ஆள் பிடிக்கக் கூடாது.

செங்காட்டூர் போர்வெல் வண்டி உரிமையாளர் நலச் சங்கத்தின் செயலாளர் நான். பெயர் சென்னியப்பன். பதினாறு வருஷமாகச் செயலாளர். மினிட் புத்தகம் எழுதி எழுதிப் பேச்சே இப்படி ஆகிவிட்டது. "சோறு போடுன்னு சொல்றதுக்கு ஏனுங்க தீர்மானம் வாசிக்கறீங்க?" என்பாள் என் மனைவி.

எங்கள் ஊரில் விவசாயம் பேருக்குத்தான். தெருவுக்கு நாலு ரிக் வண்டி. தை பிறந்ததும் கிளம்பிவிடும். ராய்ச்சூர், அனந்தப்பூர், அதற்கும் மேலே ராய்ப்பூர் வரை போகும். முன்னால் துளை போடுகிற வண்டி, பின்னால் பைப் வண்டி. வைகாசி வரை சீசன். மழை விழுந்தால் ஊருக்குத் திரும்பும். சீசனில் அழைப்பு வரவில்லை என்றால் அந்த வருஷம் முழுக்க வண்டி சாமி மாதிரி நிற்கும், சூடம் காட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

ஊருக்குக் குலதெய்வம் செல்லாண்டியம்மன். அதனால் வண்டிக்கும் அதே பெயர். ஒருத்தர் வைத்தார், அடுத்தவரும் வைத்தார். மொத்தம் பதினோரு செல்லாண்டியம்மன் போர்வெல்ஸ். எங்களுக்குள் குழப்பமே கிடையாது. பச்சைச் செல்லாண்டி என்றால் பச்சை வண்டி. எங்கள் தலைவர் செங்கோடனுடையது ஒத்தைக்கண் செல்லாண்டி, ஒரு ஹெட்லைட் பதினைந்து வருஷமாக எரியவில்லை. கந்தப்பனுடையது மூத்த செல்லாண்டி, முதலில் அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான். என்னுடையதை ஃபைல் செல்லாண்டி என்பார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ரோட்டில் பதினோரு செல்லாண்டி ஓடலாம். இன்டர்நெட்டில் ஓட முடியாது. அங்கே ஒரு பெயர் ஒருத்தருக்குத்தான். கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டு, ஊர்ப் பெயரை இணையத்தில் ஒரு முகவரியாகப் பதிந்தோம். ஒரு கட்டடம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உறுப்பினர் கேட்டால் அவர் வண்டிப் பெயரில் ஓர் அறை. அறைக்குள் போனால் அவருடைய போன் நம்பர், வண்டிப் படம். கட்டடத்தை என் பெயரில் பதிந்தேன். சங்கத்துக்கு பான் கார்டு கிடையாது, எனக்கு உண்டு. அவ்வளவுதான் காரணம். பின்னால் இதைப் பெரிதாகப் பேசினார்கள். பாஸ்வேர்டைப் பொதுவில் வை என்றார்கள். சரி, பாஸ்வேர்டை எழுதி பீரோவில் பூட்டி, சாவியைச் சங்கத்தில் ஒப்படைத்தேன். ரசீது வாங்கிக்கொண்டேன். பீரோ என் வீட்டில்தான் இருக்கிறது. பீரோவையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று தீர்மானத்தில் இல்லையே.

அப்போது அறை கேட்டவன் கந்தப்பன் ஒருத்தன்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். "தண்ணி வேணுங்கறவன் கம்ப்யூட்டர்லயா தேடுவான்?" என்று செங்கோடன் கேட்டார். செல்லாண்டி என்ற அறையைக் கந்தப்பனுக்குக் கொடுத்தேன். அவன் ஒரு காரியம் செய்வான். போர் போட்டுத் தண்ணீர் வந்ததும், பைப்பைச் சுற்றிச் சிமெண்டு பூசுவார்கள் அல்லவா, அது காய்வதற்குள் ஓர் ஆணியால் அந்த முகவரியைக் கீறி வைப்பான். தண்ணீர் வந்த குழியில் மட்டும்தான். தண்ணீர் இல்லாமல் வெறும் தூசியாகப் புகைந்துபோன குழியில் கீறமாட்டான். அப்படி நானூறு கிணறாவது இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரன் பார்ப்பான், இதில் தண்ணீர் வந்திருக்கிறது, போட்டவன் யார் என்று அந்த முகவரியைத் தட்டுவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ராய்ச்சூர் முகாமில் கந்தப்பன் நெஞ்சுவலியில் போய்விட்டான். நாங்கள் எல்லோரும் போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம். நான்தான் அஞ்சலித் தீர்மானம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம்.

அதே மாசம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம். இணையப் பெயர்களை யார் நிர்வாகம் செய்வது என்பதைப் பற்றி. எங்கள் முகவரிக்கு எப்படியோ அழைப்பு வந்திருந்தது, நான் போனேன். இரண்டு நாள். மதியச் சாப்பாட்டில் ஏழு வகை இனிப்பு, அதை விடுங்கள். ஓர் அம்மாள் பேசினார். ஏதோ ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவின் இணையப் பெயரை வெளியில் இருக்கிற ஒரு தனி ஆள் தன் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறாராம். உங்கள் நன்மைக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிற வருமானத்தை எடுத்துக்கொள்கிறாராம். தீவுக்காரர்கள் இருபது வருஷமாகக் கேட்கிறார்களாம், கொடுக்கவில்லையாம். கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனுஷனா அவன்? எழுந்து நின்று கைதட்டினேன்.

அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன். பங்குதாரர் கலந்தாய்வு. கருத்துக் கேட்புக் காலம், முப்பது நாள். மேல்முறையீட்டுக் குழு. இடைக்கால ஏற்பாடு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து ஊரில் விதிகளாக்கினேன். முப்பத்தாறு விதி. ஒன்பதாவது விதி, உரிமையாளர் இறந்தால் பெயர் சங்கத்தின் பாதுகாப்புக்குத் திரும்பும். நான் கந்தப்பனை மனதில் வைத்து எழுதவில்லை. பொதுவாகத்தான் எழுதினேன். அப்போதைக்கு இறந்திருந்தவன் அவன் ஒருவன்தான், அதற்கு நான் என்ன செய்ய?

அறை காலியானதும் மற்றப் பத்துப் பேரும் விண்ணப்பம் போட்டார்கள். அதற்குள் எல்லோர் கையிலும் இன்டர்நெட் போன் வந்திருந்தது. பதினோராவது விண்ணப்பம் கந்தப்பன் மனைவி பாவாத்தாளுடையது. தகராறு தீரும்வரை இடைக்கால ஏற்பாடாக அந்த அறையைச் செயலாளர் பொறுப்பில் வைத்தேன். அறையைக் காலியாக வைத்தால் கூப்பிடுகிறவன் ஏமாந்து போவான், ஊருக்குக் கெட்ட பெயர். அதனால் என் போன் நம்பரைப் போட்டுவைத்தேன்.

நீங்கள் இப்படிப் பார்க்காதீர்கள். எல்லோரும் இதே இடத்தில் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

அழைப்புகள் வந்தன. "கந்தப்பன் வண்டிங்களா?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் தெலுங்கில் கேட்பார்கள். நான் பொய் சொன்னதில்லை. "செல்லாண்டியம்மன்தானுங்க" என்பேன். என் வண்டியும் செல்லாண்டியம்மன்தானே? தண்ணீர் இல்லாமல் தவிக்கிறவனை, விதி முடிவாகட்டும், இரு, என்று சொல்ல முடியுமா? அவசரத்துக்கு என் வண்டி போயிற்று. மூன்று சீசன் அவசரமாகவே இருந்தது.

இதற்கு நடுவில் பாவாத்தாளை நான் எவ்வளவு கைதூக்கிவிட்டேன் என்று இந்தப் பைக்குத்தான் தெரியும். முதல் விண்ணப்பத்தில் உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற இடம் காலி.

"ஏனுங்ணா, அவுரு எப்புடிங்ணா நேர்ல வருவாரு?" என்றாள்.

"அம்மணி, வராததற்குக் காரணம் எழுதித் தா. விதியிலேயே இடம் இருக்கிறது" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தாள். அப்புறம் வாரிசுச் சான்றிதழ். அப்புறம் வண்டி ஆர்.சி. அவள் பெயருக்கு மாறியது. ஒவ்வொரு தடவையும் புது விண்ணப்பம். பதினான்கு விண்ணப்பம். பதினான்கையும் நானே சரிபார்த்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு யார் இந்தச் சிரமம் எடுப்பார்கள்?

வெளியூரில் வேலை பிடித்துத் தருகிற ஏஜென்டுகள் கந்தப்பனோடு பழகியவர்கள், பொம்பளை வண்டியை நம்பி வேலை கொடுக்கவில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த நானூறு கிணற்றுச் சிமெண்டுதான். இந்தத் தை மாசம் வந்து நின்றாள்.

"அண்ணா, ரெண்டு சீசன் வண்டி பாதி நாள் சும்மாவே நின்னுபோச்சு. இந்த வருசமும் நின்னுதுன்னா வெலை கேக்கற ஒடிசாக்காரனுக்கு வித்துட வேண்டீதுதான். அவரு வண்டிங்ணா அது. டிரில்லரு ரெண்டு பேரும் இன்னும் என்ற கூடத்தான் இருக்கறாங்க. வேலை தெரியாதுன்னு ஆரும் சொல்ல முடியாது. பேரை மட்டும் குடுங்ணா."

"அம்மணி, கருத்துக் கேட்புக் காலம் முப்பது நாள் இருக்கிறது. அதற்குள் ஆட்சேபணை வரவில்லை என்றால் உனக்குத்தான்" என்றேன். மனதாரச் சொன்னேன்.

இருபத்தொன்பது நாள் ஓர் ஆட்சேபணையும் வரவில்லை. மற்ற ஒன்பது பேரும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பரிதாபம் பார்த்து விட்டார்கள். பரிதாபம் வேறு, முறை வேறு. முப்பதாவது நாள் சங்கக் கூட்டம். ஓர் ஆட்சேபணைகூட வராமல் ஒரு பெயரைக் கொடுத்தால் நாளைக்கு என்ன பேசுவார்கள்? செயலாளர் வேண்டப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பார்கள். அதனால் நாற்காலியை விட்டு எழுந்தேன். "இந்த நிமிஷம் முதல் நான் செயலாளர் இல்லை, சாதாரண உறுப்பினர்" என்று சொல்லி மினிட்டில் குறித்துவிட்டு, எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஓர் ஆட்சேபணை எழுதினேன். எழுதி எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். மேசையில் ஆள் இல்லை. அதனால் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பெற்றுக்கொண்டு முத்திரை வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதைவிட வெளிப்படையாக ஒரு மனுஷன் இருக்க முடியுமா?

செங்கோடன் மட்டும், "ஏ மாப்ள, ரெண்டு பேருக்கும் டீ சொல்லட்டா, ஒருத்தருக்குப் போதுமா?" என்றார். அவர் படிக்காதவர்.

மாசி கடைசியில் கோயில் மண்டபத்தில் சிறப்புக் கூட்டம். பாவாத்தாள் வந்திருந்தாள். கையில் காகிதம் ஒன்றும் இல்லை. அப்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"அண்ணா, ராய்ச்சூர்ல பசப்பான்னு ஒருத்தர் தோட்டத்துல போன மாசம் போர் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டேன். எழுநூறு அடி. புகைந்துபோய்விட்டது. மண்ணுக்குள் இருப்பதற்கு நான் பொறுப்பா?"

"அவுரு கந்தப்பன் வண்டின்னு நெனச்சுக் கூப்புட்டாருங். இப்ப அந்தப் பக்கம் பூரா என்ன பேசறாங்க தெரியுங்களா? கந்தப்பன் வண்டி பொய்யாயிருச்சு, ஆளு போனதும் கை போயிருச்சுன்னு. இருவது வருசம் அந்த மனுசன் அந்த ஊருல கல்லுலயும் வெயில்லயும் கெடந்தாரு. வேலை போனாப் போகுதுங்ணா. அவுரு பேரையும் சேத்துப் பொதைக்கறீங்களே."

நான் விதிகளைப் புரட்டினேன். இறந்தவரின் கீர்த்தி பற்றி முப்பத்தாறிலும் ஒன்றும் இல்லை. அது ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த திருத்தத்தில் சேர்க்கலாம் என்று சொன்னேன்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். பூ கேட்போம் என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். கல்யாணத்துக்குக் கேட்போம், கிணற்றுக்குக் கேட்போம். என் வண்டி வாங்கும்போது நானே கேட்டிருக்கிறேன், வெள்ளை வந்தது.

"வெள்ளை வந்தா எனக்குக் குடுங்க. செவப்பு வந்தா நான் இனிக் கேக்கமாட்டன்" என்றாள். பூசாரி அரளி பறிக்கவே எழுந்துவிட்டார். ஐந்து நிமிஷ வேலை.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களே சொல்லுங்கள், தகராறு எந்தப் பெயரில்? செல்லாண்டியம்மன் பெயரில். அந்த அம்மனிடமே போய்த் தீர்ப்புக் கேட்கலாமா? சம்பந்தப்பட்டவரே நீதிபதியாக உட்காரலாமா? அம்மனும் ஒரு பங்குதாரர். வேண்டுமானால் முப்பது நாளுக்குள் கருத்துச் சொல்லட்டும். இதைத்தான் சொன்னேன்.

"நீ பெஞ்சுக்கும் நாக்காலிக்கும் போயிட்டுப் போயிட்டு வரலாம். ஆத்தா ஒரு தடவை பூவுல வரக் கூடாதா?" என்று கத்தினார் செங்கோடன்.

பாவாத்தாள் கத்தவில்லை. "போச்சாது விடுங்ணா. அந்தப் பேரை நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அம்மனை ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அதை விண்ணப்பம் வாபஸ் என்று மினிட்டில் எழுதினேன். வேறு எப்படி எழுதுவது?

நான்கு நாள் கழித்து அவள் வண்டி பெயிண்ட் கடையில் நின்றது. செல்லாண்டியம்மன் போர்வெல்ஸ் என்பதை அழித்துவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பாவாத்தாள் போர்வெல்ஸ். கீழே கந்தப்பன் மனைவி என்று சின்ன எழுத்தில். அதற்கும் கீழே போன் நம்பர், ஆள் உயரத்துக்கு. இணையத்திலும் அவள் பெயரில் தனியாக ஒரு முகவரி வாங்கிக்கொண்டாளாம். பத்து நிமிஷம் ஆயிற்றாம். பத்து நிமிஷம்! ஒரு கருத்துக் கேட்பு இல்லை, ஓர் ஆட்சேபணை இல்லை. இப்படியெல்லாம் பெயரை அள்ளிக் கொடுத்தால் நாடு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வண்டியோடு அவளே ராய்ச்சூருக்குப் போனாள். முதலில் அந்தப் பசப்பா தோட்டத்துக்குத்தான் போனாளாம். இருபதடி தள்ளி இன்னொரு குழி, ஐந்நூற்று நாற்பதில் தண்ணீர். காசு வாங்கவில்லை என்று கேள்வி. அப்புறம் கந்தப்பன் போட்ட கிணறு கிணறாகப் போய், சிமெண்டில் கீறியிருந்த முகவரிக்கு மேல் பெயிண்டால் தன் நம்பரை எழுதிக்கொண்டு வருகிறாளாம். வழியெல்லாம் வேலையும் கிடைக்கிறதாம்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பெயரை மாற்றினார்கள். அவரவர் பெயர், பெண்டாட்டி பெயர், ஒருத்தர் எருமை பெயரைக்கூட வைத்திருக்கிறார். "ஆத்தா கோயில்லயே இருக்கட்டும், நாம ரோட்டுல போலாம்" என்று செங்கோடன் ராஜினாமாவை ஒரு வரியில் கொடுத்தார். இரண்டு ஹெட்லைட்டும் போட்டுவிட்டார், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆக, இப்போது செல்லாண்டி என்ற பெயருக்கு ஒரே விண்ணப்பதாரர் நான்தான். தகராறு முடிந்தது. விதிப்படி எனக்குத்தான் வர வேண்டும். ஆனால் கொடுக்க வேண்டுமானால் சங்கம் கூட வேண்டும். கூடுவதற்கு ஏழு பேர் வேண்டும், தலைவர் பின்னாலேயே மற்ற உறுப்பினர்களும் விலகிவிட்டார்கள், நான் ஒருவன்தான் இருக்கிறேன். நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் எத்தனை தடவை போனாலும் ஏழு ஆகாது. என் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். "பாவம் சேத்தற பொஸ்தகத்துல என்ற பேரு வேண்டாம்" என்கிறாள். அதனால்தான் சென்னைக்குப் போகிறேன். நாளைக்கு அதே ஓட்டலில் மறுபடியும் கூட்டம். எல்லோரும் போன பிறகும் முறையாக நிற்கிற ஒருவனுக்கு என்ன வழி என்று கேட்கப்போகிறேன். அந்தத் தீவு அம்மாள் வந்தால் அவரிடம் ஒரு நகல் கொடுப்பேன். அவருக்குப் புரியும்.

அழைப்பா? வருகிறது. முன்பு நாளைக்கு ஆறு, இப்போது வாரத்துக்கு ஒன்று. போன வாரம் ஒருத்தர், "இந்த நம்பர் இப்போ வேறயாமே, புது நம்பர் தெரியுங்களா?" என்று என்னிடமே கேட்டார். என் வண்டி தார்ப்பாய்க்குள் இருக்கிறது. ஓய்வுதான். இடைக்காலமாக.

சுங்கச்சாவடி வந்துவிட்டது. உங்கள் ஊர் இன்னும் இருபது நிமிஷம். முன்னால் நிற்பது எந்த வண்டி... மஞ்சள். பைப் வண்டி. எங்கள் ஊர் வண்டிதான். ராய்ச்சூரை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறாள் போல.

ஆமாம். அதேதான், பாவாத்தாள் வண்டி. பைப் வண்டியிலும் நம்பர் எழுதியிருக்கிறாள். நீங்கள் என்னிடம் மறைக்க வேண்டியதில்லை, பேனாவை எடுத்தது தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். இது சுதந்திர நாடு. கேட்டு வாங்கிய பெயரா, வரைமுறை உண்டா என்பதையெல்லாம் நான் சொல்லிவிட்டேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

என்ன, கடைசி இரண்டு எண் தெரியவில்லையா? சேறு. தண்ணீர் வந்த சேறு, அது காய்ந்தால் இப்படித்தான் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் எப்போதும் வெறும் தூசிதான்.

வண்டி நகர்கிறது. சீக்கிரம்.

மூன்று, ஏழு. கடைசியில் மூன்று ஏழு. பைக்குள் பார்க்கத் தேவையில்லை, பதினான்கு விண்ணப்பத்திலும் படித்திருக்கிறேன். எழுதிவிட்டீர்களா? இன்னொரு தடவை சொல்லட்டுமா? மூன்று, ஏழு.

இது பரிந்துரை இல்லை. தகவல்.